டி.சி. யார் கையில் இருக்கிறது?

வீட்டில் நடந்த குற்றமும் விடுதியில் நடந்த குற்றமும், பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்கின் காகிதத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும். பிள்ளைக்குத் துணையாகப் போகிறவருக்கு இரண்டும் வேறு வேறு வேலை. விடுதி, காப்பகம், உண்டு உறைவிடப் பள்ளி என்றால் சோறு போடுவது, படுக்க இடம் தருவது, படிக்கவைப்பது, வெளியே விடலாமா என்று முடிவெடுப்பது எல்லாம் ஒரே நிர்வாகம். மார்க்‌ஷீட், ஆதார், சாதிச் சான்றிதழ், டி.சி. எல்லாம் ஆபீஸ் பீரோவில். நாளைக்குச் சாட்சி சொல்ல வேண்டிய சமையல்கார அம்மாவுக்கும் வாட்ச்மேனுக்கும் சம்பளம் தருவது அதே கை. குற்றம் சாட்டப்பட்டவர் சிறைக்குப் போன பிறகும் பிள்ளையின் குடுமி நிர்வாகத்திடமே இருக்கிறது. அந்தப் பிடியை ஒவ்வொரு விரலாகக் கழற்றுவதுதான் இந்த வழக்குகளில் உதவி. அதைச் செய்யாமல் கவுன்சலிங்குக்கு மட்டும் அழைத்துப்போனால், மாலையில் பிள்ளை திரும்பிப்போவது அதே பாயில் படுக்கத்தான்.

தமிழ்நாட்டில் போக்சோ வழக்குகளில் துணை நபராக இருப்பவர்கள், இருக்கப்போகிறவர்கள், அவர்களோடு நிற்கும் ஆசிரியர்கள், உறவினர்களுக்காக இதை எழுதுகிறேன். வழக்கு முழுவதும் பிள்ளைக்கு உதவியாகக் கூடவே வருகிறவரை ஸ்டேஷன் முதல் கோர்ட் வரை எல்லோரும் ‘சப்போர்ட் பர்சன்’ என்றுதான் சொல்வார்கள். இங்கே துணை நபர் என்றே வைத்துக்கொள்வோம்.

போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடப்பில் இருக்கிறது. துணை நபர் பற்றிய விவரம் 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகளில் 4, 5வது விதிகளில் வருகிறது. பிள்ளையும் பெற்றோரும் சம்மதித்தால், பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி மாவட்டத்தில் முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு ஒருவரை நியமிக்கலாம். குழந்தை உரிமைத் துறையில் வேலை செய்கிறவர் அல்லது அமைப்பு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஊழியர், பிள்ளை தங்கியிருக்கும் காப்பகத்தின் அலுவலர், இவர்களில் யாரும் இருக்கலாம் என்கிறது விதி. அந்தக் கடைசி வகையில்தான் ஆபத்து. குற்றம் நடந்த காப்பகத்தின் கண்காணிப்பாளரையே துணை நபராகப் போட விதியின் வாசகம் தடுக்கவில்லை. சிறிய மாவட்டங்களில் பட்டியலில் ஆளே இல்லாதபோது ‘மேடம் கூடவே இருக்காங்கல்ல, அவங்களே பார்த்துக்கட்டும்’ என்று முடித்துவிடுவார்கள். இதை எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும். குழுத் தலைவருக்கு ஒரு பக்க மனு போதும்: நியமிக்கப்பட்டவர் சாட்சியாக வர வாய்ப்புள்ளவர், நிர்வாகத்தின் ஊழியர், எனவே வேறு ஒருவரை நியமிக்கவும். துணை நபரை மாற்றக் கேட்கப் பிள்ளை காரணம் சொல்லத் தேவையில்லை என்பதும் 4வது விதியில் உண்டு. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒரு போக்சோ வழக்கில், துணை நபர் பெறும் உரிமை இருப்பதை எல்லா வழக்கிலும் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும், தேவையா இல்லையா என்பதைப் பெற்றோரின் விருப்பத்துக்கே விட்டுவிடக் கூடாது என்று சொன்னது. குழுவுக்கு எழுதும் மனுவில் அதையும் ஒரு வரி சேருங்கள்.

முதல் பேச்சுக்கு வருவோம். பிள்ளை முதன்முதலில் யாரிடம் வாய் திறந்ததோ அவர் அதை உடனே எழுதிவைத்தாரா என்பது இரண்டு வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் பெரிய விஷயமாகும். எழுதும் முறை இது: தேதி, நேரம், இடம், பக்கத்தில் யார் இருந்தார்கள், நீங்கள் கேட்ட கேள்வி, பிள்ளை சொன்ன பதில், அதே சொல்லில். ‘சார் லைட் ஆஃப் பண்ணிட்டு கால் அமுக்கிவிடச் சொன்னாரு’ என்று பிள்ளை சொன்னால் அப்படியே எழுத வேண்டும். அதை ‘பாலியல் வன்கொடுமைக்கு உட்படுத்தினார்’ என்று படித்தவர் தமிழுக்கு மாற்றிவிட்டால், எட்டு வயதுப் பிள்ளை இப்படிப் பேசுமா, யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார். கேள்வியும் அப்படித்தான். ‘என்ன நடந்துச்சு?’, ‘அப்புறம்?’ இந்த இரண்டைத் தாண்டாதீர்கள். ‘அங்க தொட்டாரா?’ என்று கேட்டுப் பிள்ளை தலையாட்டினால் அந்தப் பதிலுக்கு மதிப்பு பாதியாகிவிடும். பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கவும் கூடாது. விடுதிகளில் வார்டன், ஹெச்.எம்., தாளாளர், டிரஸ்டி என்று ஆளுக்கொரு முறை கூப்பிட்டு விசாரித்து, ஐந்தாவது முறை சொல்லும்போது கதை சற்று மாறியிருக்கும். அந்த மாற்றம்தான் பிறகு ‘முரண்பாடு’ என்று தீர்ப்பில் ஏறுகிறது.

‘நிர்வாகத்திடம் சொல்லிவிட்டேன்’ என்பது சட்டத்தின் கண்ணில் தகவல் கொடுத்ததாக ஆகாது. போக்சோ சட்டத்தின் 19வது பிரிவு எல்லோரையும் கட்டுப்படுத்தும். தகவல் காவல் நிலையத்துக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ போக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் 21வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஒரு வருடம் வரை சிறையும் அபராதமும். நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவர் மீது வழக்கு வராது என்றும் அதே சட்டம் பாதுகாக்கிறது. மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு பள்ளி விடுதியில் பழங்குடிச் சிறுமிகள் பாதிக்கப்பட்ட வழக்கில், அவர்களுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர் தெரிந்தும் சொல்லவில்லை என்ற குற்றச்சாட்டை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தைத் தள்ளி, வழக்கை மீண்டும் உயிர்ப்பித்தது. உள்விசாரணைக் கமிட்டி வைத்திருக்கிறோம், அது முடியட்டும் என்று சொல்லும் நிர்வாகத்துக்கு இந்த வழக்கை எடுத்துச்சொன்னால் பெரும்பாலும் குரல் இறங்கும். கமிட்டி பாட்டுக்கு அது நடக்கட்டும். காவல் நிலையத்துக்குப் போவது அதற்காகக் காத்திருக்காது.

குழந்தைகள் உதவி எண் 1098க்கு யாரும் பேசலாம், பிள்ளையே பேசலாம். பள்ளி மாணவர்களுக்கு 14417, பெண்களுக்கு 181, இலவசச் சட்ட உதவிக்கு 15100. உயிருக்கு ஆபத்து என்றால் 112.

ஸ்டேஷனில் கவனிக்க வேண்டியது, புகார் வந்தது என்பதற்கு மட்டும் தரும் சி.எஸ்.ஆர். ரசீது. ‘விசாரிச்சுட்டு எஃப்.ஐ.ஆர். போடறோம்’ என்று சி.எஸ்.ஆர். கொடுத்து அனுப்புவது நம் ஊரில் கைவந்த கலை. பாலியல் குற்றத்துக்கு அது போதாது. எஃப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ இலவசமாகத் தரப்பட வேண்டும். மறுத்தால் புகாரைத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்பலாம், அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். எல்லை பிரச்சினை என்று சொன்னால், எந்த ஸ்டேஷனிலும் போடக்கூடிய ஜீரோ எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பி.என்.எஸ்.எஸ். 173வது பிரிவில் இதெல்லாம் இருக்கிறது. காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் போக்சோ நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். பிள்ளைக்கு என்னென்ன உரிமை உண்டு என்று பட்டியலிடும் ‘ஏ’ படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். பல இடங்களில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு படிவத்தைக் கோப்பில் வைத்துவிடுவார்கள். நகல் உங்கள் கைக்கு வர வேண்டும்.

எஃப்.ஐ.ஆர். கைக்கு வந்ததும் பிரிவுகளைப் பாருங்கள். இதில்தான் விடுதி வழக்கு பாதி தோற்கிறது. குற்றம் செய்தவர் காப்பக ஊழியர் என்றால் போக்சோ சட்டத்தின் 5(டி), பள்ளி அல்லது மத நிறுவன ஊழியர் என்றால் 5(எஃப்), பிள்ளைகளுக்குச் சேவை தரும் எந்த நிறுவனமானாலும் அதன் உரிமையாளர், நிர்வாகி, ஊழியர் என்றால் 5(ஓ). இவற்றுக்கு 6வது பிரிவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 20 ஆண்டு தண்டனை. ஊடுருவல் இல்லாத குற்றத்துக்கும் இதே வரிசை 9வது பிரிவில் உண்டு, 10வது பிரிவில் 5 முதல் 7 ஆண்டு. அவசரத்தில் 7, 8 என்று மட்டும் போட்டுவிட்டால் அது 3 முதல் 5 ஆண்டுக் குற்றமாகச் சுருங்கி, ஜாமீனும் சீக்கிரம் கிடைத்துவிடும். கூடவே இளைஞர் நீதிச் சட்டம் 75வது பிரிவைச் சேர்க்கச் சொல்லுங்கள். பராமரிப்புப் பொறுப்பில் உள்ள நிறுவனத்தின் ஊழியரோ நிர்வாகியோ கொடுமை செய்தால் 5 ஆண்டு வரை கடுங்காவல், 5 லட்சம் வரை அபராதம். மறைத்த தாளாளருக்கு 21(2). விட்டுப்போன பிரிவுகளைச் சேர்க்க ஐ.ஓ.வுக்கு, அதாவது விசாரணை அதிகாரிக்கு, எழுத்தில் மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். குற்றப்பத்திரிகை போன பிறகு சேர்ப்பது இரட்டிப்பு அலைச்சல்.

மருத்துவமனையில் எஃப்.ஐ.ஆர். இல்லாவிட்டாலும் சிகிச்சையும் பரிசோதனையும் செய்ய வேண்டும். தனியார் மருத்துவமனையும் இலவசமாகப் பார்க்க வேண்டும், மறுப்பது குற்றம். பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். அருகில் பிள்ளை நம்பும் ஒருவர் இருக்க வேண்டும், அது விடுதி வார்டனாக இருக்கக் கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். கருத்தடை அவசர மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. உடலிலிருந்து தடயம் எடுக்க 96 மணி நேரம் வரை வாய்ப்பு உண்டு என்பதால் நான்கு நாளுக்குள் இருந்தால் குளிக்கவைக்காமல் அழைத்துப்போங்கள். உடைகளை ஒவ்வொன்றாகத் தனித்தனிக் காகித உறையில் போட வேண்டும். பிளாஸ்டிக் கவரில் ஈரம் அடைந்து தடயம் கெட்டுவிடும். விடுதியில் பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், விஷயம் வெளியே வந்த அன்றே பாய், போர்வை, துணி எல்லாம் துவைக்கப் போய்விடும். கருக்கலைப்பு தேவைப்பட்டால், டி.என்.ஏ. சோதனைக்குத் திசுவைப் பத்திரப்படுத்தச் சொல்லும் ஐ.ஓ.வின் கடிதம் முன்கூட்டியே மருத்துவமனையில் இருக்க வேண்டும். இது தவறிப்போனால் திரும்பக் கிடைக்காது. விடுதிக் குற்றங்கள் மாதக்கணக்கில் நடந்து தாமதமாகத்தான் வெளியே வரும் என்பதால் உடலில் காயம் இல்லாமல் இருப்பது சாதாரணம். காயம் இல்லை என்ற ஒரு வரியைப் பார்த்துப் பெற்றோர் சோர்ந்துவிடாமல் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்போது பிள்ளை எங்கே தூங்கப்போகிறது என்ற கேள்வி. பெற்றோர் துணையின்றிக் காப்பகத்தில் இருக்கும் பிள்ளையைக் காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுபோக வேண்டும். எங்கே வைப்பது என்பதைக் குழு மூன்று நாளுக்குள் தீர்மானிக்க வேண்டும். உடன்பிறந்தவர்கள் அதே காப்பகத்தில் இருந்தால் அவர்களைப் பற்றியும் அன்றே சொல்லுங்கள். அக்காவை மட்டும் மாற்றிவிட்டுத் தங்கையை அங்கேயே விட்டால், அக்காவின் வாயை அடைக்க வேறெதுவும் தேவையில்லை. வீட்டுக்கு அனுப்புவதானால் எதற்காக விடுதிக்கு வந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் வறுமை. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்குக் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அந்த விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போகாமல் பிள்ளை மட்டும் வீட்டுக்குப் போனால், அடுத்த ஜூனில் வேறொரு விடுதி வாசலில் நிற்கும்.

டி.சி. விஷயத்தில் நிர்வாகம் இழுத்தடிக்கும், பீஸ் பாக்கி என்று சொல்லும். எட்டாம் வகுப்பு வரை கல்வி உரிமைச் சட்டத்தின் 5வது பிரிவு தெளிவாகவே இருக்கிறது: டி.சி. உடனே தர வேண்டும், டி.சி. வரவில்லை என்று புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது. ஆனால் காகிதத்தை விடப் பெரிய தடை, மாணவர் விவரங்களை வைத்திருக்கும் பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவான எமிஸ். பழைய பள்ளி பிள்ளையின் பெயரை எமிஸில் காமன் பூலுக்கு விடாவிட்டால் புதிய பள்ளி ஏற்ற முடியாது. இதை முதன்மைக் கல்வி அலுவலருக்கு, குழந்தைகள் நலக் குழுவின் கடிதத்தோடு, எமிஸ் எண்ணைக் குறிப்பிட்டு எழுதினால் அலுவலகத்திலிருந்தே நகர்த்திவிடுவார்கள். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு என்றால் ஹால் டிக்கெட்டும் தேர்வு மையமும் இதே கடிதத்தில் வர வேண்டும். பழைய பள்ளியே தேர்வு மையம் என்றால் பிள்ளை பரீட்சைக்கே போகாது. சான்றிதழ் கேட்டு எழுதும் கடிதத்தில் வழக்கைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள். அது எத்தனை மேஜை தாண்டிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். ‘நிர்வாகக் காரணங்களால் இடமாற்றம்’ என்றால் போதும்.

வயதுச் சான்றையும் இந்தச் சமயத்திலேயே பார்க்க வேண்டும். காப்பகப் பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி பல நேரம் சேர்க்கும் அன்று யாரோ குத்துமதிப்பாகப் போட்டது. பிள்ளை 18க்கு உட்பட்டவர் என்று நிரூபிக்காவிட்டால் போக்சோவே நிற்காது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2023 ஜூலையில் உச்ச நீதிமன்றம், டி.சி.யும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 94வது பிரிவு கேட்கும் வயதுச் சான்று ஆகாது என்று சொல்லிக் குற்றவாளியைப் போக்சோவிலிருந்து விடுவித்தது. பள்ளி வழங்கிய பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அது இல்லையென்றால் உள்ளாட்சி தரும் பிறப்புச் சான்றிதழ், அதுவும் இல்லையென்றால் மருத்துவ வயதுப் பரிசோதனை என்பதுதான் வரிசை. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளின் வழக்கில் இதை முதல் வாரத்திலேயே திரட்டச் சொல்லி ஐ.ஓ.வை நச்சரியுங்கள்.

பதிவேடுகள் காணாமல் போவது விடுதி வழக்கின் தனி நோய். இரவுப் பணி ரோஸ்டர், பார்வையாளர் பதிவேடு, வெளியே போய்வரும் பதிவேடு, மருந்துப் பதிவேடு, ஊழியர் வருகைப் பதிவேடு, ஊழியரின் காவல் சரிபார்ப்புக் காகிதம். கடைசியாகச் சொன்னது முக்கியம். பிள்ளைகளோடு பழகும் ஊழியர் எல்லோருக்கும் காவல் சரிபார்ப்பு செய்திருக்க வேண்டும் என்கிறது போக்சோ விதிகளில் 3வது விதி. கேமரா இருந்தால் பழைய பதிவு பதினைந்து, முப்பது நாளில் அழிந்து புதியது ஏறிவிடும். அதனால் கேமராப் பதிவு சேரும் டி.வி.ஆர். பெட்டியைக் கைப்பற்றச் சொல்லும் மனு எஃப்.ஐ.ஆர். போட்ட மறுநாளே போக வேண்டும். எந்தக் கேமரா, எந்தத் தேதி என்று எழுதுங்கள். நிர்வாகமே பென் டிரைவில் காப்பி போட்டுக் கொடுத்தால் எதை விட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. விடுதியின் உரிமத்தையும் கேளுங்கள். தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். காப்பகம் என்றால் இளைஞர் நீதிச் சட்டம் 41வது பிரிவின் பதிவு வேண்டும்.

குழந்தைகள் நலக் குழு மாதம் இரண்டு முறையாவது இல்லங்களைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த ஆய்வு அறிக்கைகளைப் படித்தால் கழிப்பறை சுத்தம், சமையலறை சுத்தம் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். பிள்ளைகளோடு தனியாகப் பேசியதற்கான அடையாளமே இருக்காது. பீகாரின் முசாஃபர்பூர் காப்பகத்தில் நடந்தது 2018இல் வெளியே வந்தது ஒரு சமூகத் தணிக்கையால்தான். வெளியிலிருந்து போன குழு பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசியது. 2020 ஜனவரியில் டெல்லி நீதிமன்றம் 19 பேரைக் குற்றவாளிகள் என்றது. மகாபலிபுரம் பகுதி அனாதை இல்லங்களைப் பற்றிய செய்தியிலிருந்து 2007இல் தொடங்கிய வழக்கில் 2017 மே மாதம் உச்ச நீதிமன்றம் எல்லா இல்லங்களையும் பதிவு செய்யவும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம் எழுதவும் சொன்னது. செய்தி வந்ததற்கும் தீர்ப்புக்கும் நடுவில் பத்து வருடம். அந்த இல்லங்களில் அன்று இருந்த பிள்ளைகள் பலர் அதற்குள் பெரியவர்களாகியிருப்பார்கள்.

இல்லத்தையே மூடுவது வேறு சிக்கல். பத்திரிகைக்கு அது நல்ல செய்தி. ஐம்பது பிள்ளைகளை ஐந்து மாவட்டத்துக்குப் பிரித்து அனுப்பிவிட்டால் சாட்சிகள் எங்கே என்று ஐ.ஓ.வுக்கே தெரியாது. யார் எங்கே போனார்கள் என்ற பட்டியல் மூடும் நாளன்றே குழுவின் கையெழுத்தோடு உருவாக வேண்டும். பள்ளியும் தோழியும் ஒரே நாளில் போன கோபத்தை மற்ற பிள்ளைகள் யார்மீது காட்டுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ‘உன்னாலதான்’ என்ற ஒரு வார்த்தை போதும், புகார் கொடுத்த பிள்ளை வாக்குமூலத்தை மாற்றிவிடும். புகார் கொடுத்தவரையும் அவர்மேல் கோபமாக இருப்பவர்களையும் ஒரே இல்லத்துக்கு அனுப்பாமல் பார்ப்பது துணை நபரின் வேலை.

சமரசத்துக்கு ஆள் வரும். பெரும்பாலும் ஊர்ப் பெரியவர், பங்குப் பேரவைக்காரர், ஜமாத், சங்கத் தலைவர், ஒரு கவுன்சிலர். ‘பிள்ளை வாழ்க்கையை யோசிங்க, படிப்புச் செலவு முழுசும் நாங்க பார்த்துக்கறோம்’ என்பதுதான் எல்லோருடைய வசனமும். பெற்றோரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பல நேரம் அப்பா அதே நிர்வாகத்தின் தோட்டத்தில் வேலை செய்பவராக இருப்பார். ஆசிரியர் மீதான வழக்கைச் சமரசம் ஆகிவிட்டது என்று ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது என்று மட்டும் சொல்லுங்கள். எழுதிக்கொடுத்தாலும் வழக்கு சாகாது என்று தெரிந்தால் பேரம் பேச வந்தவருக்கும் ஆர்வம் குறையும்.

கோர்ட்டில் பிள்ளை சாட்சி சொல்லும் நாளுக்கு ஒரு வாரம் முன்பு, விசாரணை இல்லாத நேரத்தில், அறையைக் காட்டுங்கள். ஜட்ஜ் எங்கே உட்காருவார், திரை எங்கே, கழிப்பறை எங்கே. சாட்சியத்தை ஒப்பிக்கவைக்கக் கூடாது. சொல்லிக்கொடுத்துவிட்டார்கள் என்று பேச்சு வருமோ என்று பயந்து கவுன்சலிங்கை நிறுத்தவும் கூடாது. கவுன்சலர் சம்பவத்தைத் திரும்பத் திரும்பக் கேட்காமல் தூக்கம், பயம், படிப்பு பற்றிப் பேசினால் போதும். பிள்ளையிடம் எதிர்த்தரப்பு வக்கீல் நேரடியாகக் கேள்வி கேட்கக் கூடாது, நீதிபதி மூலமாகத்தான். குற்றம் சாட்டப்பட்டவர் கண்ணில் படக் கூடாது. விசாரணை மூடிய அறையில். இவை போக்சோ சட்டத்தின் 33, 36, 37வது பிரிவுகள். நடைமுறையில் தவறுவது அறைக்கு வெளியேதான்: வராந்தாவில் பிள்ளையும் ஜாமீனில் வந்தவரும் அவருடைய ஆட்களும் ஒரே பெஞ்சில் காத்திருப்பார்கள். காலை பத்தரைக்கு வரச்சொல்லி மூன்றரைக்குக் கூப்பிட்டு வாய்தா கொடுப்பார்கள். அரசு வழக்கறிஞரிடம் முந்தின நாளே பேசி நேரம் வாங்குங்கள். தனி அறை கேளுங்கள். தண்ணீர், பிஸ்கட், மாற்று உடை பையில் இருக்கட்டும். சம்மன் சீருடை போலீஸ் மூலம் புதிய பள்ளிக்குப் போகாமல் குழு வழியாகவோ உங்கள் வழியாகவோ வரும்படி முன்பே மெமோ கொடுங்கள். ஒரு முறை சீருடை போய் நின்றால் புதிய பள்ளியும் பழைய பள்ளி ஆகிவிடும். சாட்சியம் முடிந்த பிறகு மறுபடி அழைக்கும் மனு வந்தால், பிள்ளையைத் திரும்பத் திரும்ப அழைக்கக் கூடாது என்ற 33(5)ஐச் சுட்டி எதிர்க்க வேண்டும். ஜாமீன் மனுவிலும் பாதிக்கப்பட்டவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது 2022இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த உரிமை. அங்கே கேட்க வேண்டிய நிபந்தனை: அந்த வளாகத்துக்குள் கால் வைக்கக் கூடாது, அங்கே வேலை செய்யும் யாரையும் தொடர்புகொள்ளக் கூடாது.

பணம். உடனடித் தேவைக்கு, அதாவது உணவு, உடை, பயணம் போன்றவற்றுக்கு, குழுவின் பரிந்துரையில் ஒரு வாரத்துக்குள் தொகை தர போக்சோ விதிகளில் 8வது விதி இருக்கிறது. இதை யாரும் கேட்பதே இல்லை. இடைக்கால இழப்பீட்டை எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு எப்போது வேண்டுமானாலும் போக்சோ நீதிமன்றத்தில் கேட்கலாம். உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் அரசு தர வேண்டும். தீர்ப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், விடுதலை ஆனாலும் இழப்பீடு தர நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அளவுகோலாக எடுக்கப்படும் 2018ஆம் ஆண்டு தேசியச் சட்டப்பணிகள் ஆணையத் திட்டத்தில் வன்புணர்வுக்கு 4 முதல் 7 லட்சம், சிறார் என்றால் அதற்கு மேல் பாதி கூடுதல். அந்தத் திட்டப்படி சிறாருக்கான தொகையில் 80 சதவீதம் நிரந்தர வைப்பில் போகும், படிப்பு, மருத்துவத்துக்கு இடையில் எடுக்க மனு போடலாம். வங்கிக் கணக்குக்குக் காப்பாளர் யார் என்று பாருங்கள். பெற்றோர் இல்லாத பிள்ளைக்குப் பழைய இல்லத்தின் நிர்வாகி பெயரே காப்பாளராக ஆதாரிலும் பாஸ்புக்கிலும் தொடரும். இழப்பீடு அந்தக் கணக்கில் ஏறுவதற்கு முன் குழுவின் உத்தரவோடு புதிய கணக்கு திறந்து, அந்த எண்ணைத்தான் நீதிமன்றத்துக்குக் கொடுக்க வேண்டும்.

வளர்ந்த பிறகு வந்து சொல்பவர்களும் உண்டு, முப்பது, நாற்பது வயதில். கடுமையான பாலியல் குற்றங்களுக்குப் புகார் கொடுக்கக் காலவரம்பு கிடையாது. மூன்று ஆண்டுக்குக் கூடுதல் தண்டனை உள்ள எந்தக் குற்றத்துக்குமே கிடையாது. ஆனால் சம்பவம் 2012 நவம்பர் 14க்கு முன் என்றால் போக்சோ பொருந்தாது, அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டம்தான். ஆண் பிள்ளைகளுக்கு அன்று அந்தச் சட்டத்தில் ‘இயற்கைக்கு மாறான’ உறவு பற்றிய 377வது பிரிவைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆதாரம் என்று கேட்டால் மலைக்க வேண்டாம். அதே வருடம் அதே அறையில் இருந்தவர்கள் யார், குரூப் போட்டோ, அந்த ஊழியர் எந்த வருடம் வேலைக்கு வந்து எந்த வருடம் போனார், வருங்கால வைப்பு நிதிப் பதிவு, பழைய கடிதம், அப்போது யாரிடமாவது சொன்னதா. இவற்றைத் தேதிவாரியாக ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதும்போது தெரியாத தேதியை ஊகித்து நிரப்ப வேண்டாம். ‘ஏழாவது படிக்கும்போது, அரையாண்டுப் பரீட்சைக்கு அப்புறம்’ என்று இருந்தால் போதும். பழைய தோழர்களோடு வாட்ஸப் குழுவில் சம்பவத்தை விவாதிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். ஒருவர் நினைவு இன்னொருவர் நினைவில் கலந்துவிட்டால் நான்கு சாட்சி ஒரே சாட்சியாகச் சுருங்கிவிடும். புகார் கொடுக்க மனம் இல்லாதவரைக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அந்த ஊழியர் இன்றும் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் வேலை செய்கிறாரா என்று மட்டும் கேளுங்கள். ஆம் என்று பதில் வந்தால், பாதிக்கப்பட்டவர் பெயர் சொல்லாமலே 1098க்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் அன்றே தகவல் போக வேண்டும்.